ஒருவழிக் கதவு

மேலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. போன வாரம் அங்கே ஒரு கேள்வி என்னை மடக்கிற்று. கேட்டவர் பொருளாதாரம் கற்ற மேதை அல்லர். கல் அறுக்கும் பட்டறையிலே நாள்கூலிக்கு நிற்கும் தோழர். உள்ளங்கைக்குள் மறைத்துவிடக்கூடிய இரும்புத் துண்டு ஒன்றை மேசைமீது வைத்தார்.

"அண்ணே, இந்தச் சனியன் கப்பல்ல வந்து எறங்கி, பட்டறைக்கு வந்து சேர ஒம்போது நாளு. ஒம்போது நாளும் பத்துப் பேருக்குக் கூலி இல்ல. இது என்ன வெடிகுண்டாண்ணே? கஞ்சாவா? எதுக்கு இத்தனை விசாரணை?"

வெடிகுண்டும் அல்ல, கஞ்சாவும் அல்ல. காற்றழுத்த இயந்திரத்துக்கான செக் வால்வு அது. பட்டறையிலே 'என்.ஆர்.வி.' என்பார்கள். போகவிடும், திரும்பவிடாது. அவ்வளவுதான் அதன் தொழில்.

தொண்ணூறு நாள் கூலி! ஒரு மனிதன் மூன்று மாதம் உழைக்கும் உழைப்பு! அத்தனையையும் விழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல மேசைமீது கிடந்தது அந்த இரும்பு. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். விவரம் அறிந்தவர்களிடம் கேட்டேன். அன்று சொல்லத் தவறிய பதிலை இன்று எழுதுகிறேன். அந்தத் தோழர் படிப்பார். படிக்க இயலாவிட்டால், படிப்பகத்திலே யாராவது படித்துக் காட்டுங்கள்.

செக் வால்வு என்றதும், இது ஏதோ மேல்நாட்டு மாயம், நமக்கு எட்டாத வித்தை என்று மருள வேண்டாம். கொல்லுப்பட்டறைத் துருத்தியைப் பார்த்ததுண்டா? வாயைத் திறந்து காற்றை உறிஞ்சும்போது தோல் மடல் விலகும். அமுக்கும்போது அதே மடல் அடைத்துக்கொள்ளும். காற்றுக்கு உலையை நோக்கி ஓடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. செக் வால்வு என்பது அதுதான். சைக்கிள் டியூபிலே வால்டியூப் மாட்டுகிறோமே, அதுவும் அந்த இனந்தான். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் மேலூர் உழவரைக் கேளுங்கள், 'புட்வால்வு' என்றால் என்னவென்று சொல்லுவார். குழாயின் அடியிலே தண்ணீருக்குள் தொங்கும் அந்த வால்வு கசிந்தால், மின்சாரம் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பிவிடும். மறுபடி மோட்டாரைப் போட்டால் வெறும் இரைச்சல்தான் வரும். ஒரு குடம் தண்ணீரை மேலேயிருந்து ஊற்றி, கையை வாயில் வைத்து அடைத்து, நள்ளிரவிலே மும்முனை மின்சாரத்துக்காகக் கண்விழித்துப் போராடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிறு பொருள்தான். ஆனால் அது செய்யத் தவறினால் விளைவது சிறிதாக இராது. அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியாவில் சான் ஒனோஃப்ரே என்னுமிடத்து அணுமின் நிலையத்தில், 1985 நவம்பர் 21 அன்று ஐந்து செக் வால்வுகள் ஒருசேரப் பழுதாகிக் கிடந்தன. குழாயிலே நீர் சம்மட்டிபோல் மோதி, குழாய்த் தாங்கிகளைப் பிய்த்தது. உலகத்தின் பணக்கார நாடு, படித்த பொறியாளர்கள், கோடிகோடியாய்ச் செலவு. இருந்தும் ஐந்து மடல்கள் மூடவில்லை! ஆகவே, வால்வு தரமானதா என்று சர்க்கார் பார்க்கவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. பார்க்கட்டும். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலேதான் நமக்கு வழக்கு.

சுங்கத்துறைக்கு ஒரு பெரிய அட்டவணை உண்டு. உலகத்திலே விற்கப்படுகிற பொருள் எதுவானாலும், குதிரையிலிருந்து குண்டூசிவரை, அதிலே ஓர் எண் இருக்கும். பிரசல்ஸ் நகரத்திலுள்ள உலகச் சுங்க அமைப்பு வகுத்த முறை அது. 1988 முதல் உலக நாடுகளிடையே நடப்புக்கு வந்தது. இந்தியா 1986லேயே தன் சுங்க அட்டவணையை அந்த அச்சிலே வார்த்துக்கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. கடைசி இரண்டு இலக்கங்கள் நம் நாடு சேர்த்துக்கொள்வது.

குழாய், கொதிகலன், தொட்டி இவற்றில் பொருத்தும் வால்வு வகையறா அனைத்துக்கும் 8481 என்று தலைப்பு. அதற்குள்ளே பிரிவுகள். அழுத்தம் குறைக்கும் வால்வுக்கு 8481 10. எண்ணெய் அழுத்தத்தாலோ காற்றழுத்தத்தாலோ விசையைக் கடத்தும் அமைப்புக்கான வால்வுக்கு 8481 20. செக் வால்வுக்கு 8481 30. பாதுகாப்பு வால்வுக்கு 8481 40. மற்றவை 80. உதிரிகள் 90.

"இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, செக் வால்வுக்கு முப்பது என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே!" என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். அங்கேதான் இருக்கிறது வலை.

நம் ஊர்க் கல்குவாரிகளில் பொக்லைன் ஓடுகிறது. எண்ணெய் அழுத்தத்தாலே அது கையைத் தூக்கும். அந்த எண்ணெய்க் குழாயிலும் ஒரு செக் வால்வு உண்டு. பெயர் செக் வால்வு, செய்வது செக் வால்வின் வேலை. ஆனால் அது 8481 30 அல்ல! உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு, விசை கடத்தும் அமைப்புக்கென்றே உள்ள வால்வு எந்த வகையானாலும் 20ஆம் பிரிவுக்கே முதலிடம் என்கிறது. அதே குவாரியிலே காற்றழுத்த இயந்திரம் ஒன்று இருக்கிறது. இயந்திரத்துக்கும் காற்றுத் தொட்டிக்கும் நடுவே குழாயில் உட்காரும் வால்வு 8481 30. அந்த இயந்திரத்தின் தலைக்குள்ளேயே, காற்றை இழுக்கவும் தள்ளவும் துடிக்கின்ற தகட்டு வால்வு? அதுவும் ஒருவழிக் கதவுதான்; ஆனால் அது 8414இன்கீழ், அந்த இயந்திரத்தின் உறுப்பாகப் போய்விடும். எஞ்சினில் ஏறி இறங்கும் வால்வு 8409க்குப் போகும். வெறும் ரப்பரால் ஆன மடலானால் ரப்பர் அத்தியாயத்துக்கு. பிளாஸ்டிக் வால்வு மட்டும் பிளாஸ்டிக் அத்தியாயத்துக்குப் போகாமல் 8481லேயே நிற்கும்!

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருவன் இந்தக் குடும்ப அட்டையில், இன்னொருவன் அந்தக் குடும்ப அட்டையில் என்றால், ரேஷன் கடையில் என்ன பாடு படுவோமோ, அந்தப் பாடு.

நம் தோழரின் பட்டறைக்கு வந்தது ஒரு பெட்டி உதிரி உறுப்புகள். தென்கொரியாவிலிருந்து. மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம். உள்ளே ஆறு செக் வால்வுகளும் தகட்டு வால்வுகள் சிலவும். அந்த நாட்டோடு 2010 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ஒப்பந்தத்தின்படி, பொருள் அங்கேயே செய்யப்பட்டது என்பதற்குச் சான்று காட்டினால் சலுகை வரி கேட்கலாம். சான்றும் வந்தது. ஆனால் சான்றிலே கொரியாக்காரர் எழுதியிருந்த எண் 20. இங்கே சுங்க முகவர் பெட்டி முழுவதற்கும் எழுதிய எண் 30. தகட்டு வால்வுக்கு இரண்டுமே பொருந்தாது. மூன்று எண்கள், ஒரு பெட்டி! கேள்வி பிறந்துவிட்டது.

கேள்வி கேட்டவர் யார்? இங்கேதான் புதுமை. முன்பெல்லாம் பெட்டி இறங்கிய துறைமுகத்திலேயே ஓர் அதிகாரி இருப்பார். பொருளைக் கொண்டுபோய்க் காட்டலாம். "ஐயா, மடலைத் தள்ளிப் பாருங்கள், இந்தப் பக்கம் திறக்கும், அந்தப் பக்கம் திறக்காது" என்று சொல்லலாம். இப்போது முகமில்லா மதிப்பீடு. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் இந்த முறையைத் தொடங்கியபோது முதன்முதலாக எடுத்துக்கொண்டதே 84, 85 என்ற இரண்டு அத்தியாயங்களைத்தான். இயந்திரமும் மின்பொருளும். நம் வால்வு அங்கேதான் குடியிருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் முடிவுக்குள் நாடு முழுவதும் பரவியது. பெட்டி தமிழ்நாட்டுக் கரையிலே கிடக்கும். கோப்பைப் பார்ப்பவர் எந்த நகரத்திலே உட்கார்ந்திருக்கிறார் என்பது பெட்டிக்குரியவனுக்குத் தெரியாது. கேள்வி கணினியிலே வரும். பதிலும் கணினியிலே போகவேண்டும்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த முறையால் நன்மையும் உண்டு. மேசைக்கடியில் நீளும் கைக்கு வேலை குறைந்தது. முகம் தெரிந்தால்தானே கை நீளும்! அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வால்வை வாழ்நாளில் தொட்டறியாத ஒருவர், படத்தைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, "இது ஏன் இருபது அல்ல?" என்று கேட்க, அந்தக் கேள்வி முகவர் கைக்கு வந்து, முகவர் முதலாளியைக் கேட்டு, முதலாளி கொரியாவுக்கு எழுதி, பதில் வரும்வரை பத்துக் குடும்பங்களில் உலை ஏறாதென்றால், இந்தக் கணக்கை எந்தக் கணினி பதிவு செய்கிறது?

எண்ணை முடிவு செய்வதிலே தடுமாறியதால் முதலில் நுழைவுச் சீட்டைத் தாக்கல் செய்வதிலேயே இரண்டு நாள் தாமதம். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் சீட்டு உள்ளே போயிருக்க வேண்டும். இது 2021இல் வந்த விதி. தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000. ஒரு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு நாள் தாமதக் கட்டணம் 10,000! கோடி ரூபாய்ச் சரக்கு கொண்டுவரும் கோமானுக்கும் இதே ஐந்தாயிரம். அவனுக்கு அது வெற்றிலைபாக்குச் செலவு. கொட்டகைப் பட்டறை வைத்திருப்பவனுக்கு அது ஒரு தொழிலாளியின் தீபாவளி போனஸ்.

தவறான எண்ணை எழுதிவிட்டால்? 2011 முதல் வரியைத் தானே மதித்து எழுதிக்கொள்ளும் பொறுப்பு இறக்குமதியாளன் தலையிலே. பிழை என்று பிறகு கண்டுபிடித்தால், சாதாரணமாக இரண்டு ஆண்டுகள்வரை பின்னோக்கிக் கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்தான் என்று முடிவுகட்டினால் ஐந்து ஆண்டுகள்வரை. வட்டி உண்டு, அபராதம் உண்டு, பொருளையே பறிமுதல் செய்து மீட்புத் தொகை கேட்கவும் சட்டம் இடந்தருகிறது. சரி, சட்டத்திலேயே தெளிவில்லை, ஐயத்தின் பலன் யாருக்கு? உச்சநீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, 2018 ஜூலை 30 அன்று, திலீப்குமார் கம்பெனி வழக்கில் தீர்ப்பளித்தது: வரிவிலக்கு அறிவிப்பிலே ஐயம் எழுந்தால் அதன் பலன் அரசுக்கே. வரி விதிக்கும் சட்டத்திலே ஐயம் என்றால் பலன் குடிமகனுக்கு. சலுகை தரும் அறிவிப்பிலே ஐயம் என்றால் பலன் சர்க்காருக்கு! அந்த வழக்கு கால்நடைத் தீவனச் சரக்கு பற்றியது. ஆனால் வால்வுக்காரனும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறான்.

இத்தனை இடரையும் தவிர்க்கச் சட்டத்திலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. பொருளை வரவழைக்குமுன்பே, "இதற்கு என்ன எண்?" என்று கேட்டுத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டிய தீர்ப்பு என்பது அதன் பெயர். கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன்! எங்கே போய்க் கேட்பது? 2021 ஜனவரி முதல் அதற்கென அமைந்த ஆணையங்கள் இரண்டு. ஒன்று டில்லியிலே. மற்றொன்று மும்பையிலே.

சென்னையிலே? துறைமுகம் இருக்கிறது சென்னையிலே, எண்ணூரிலே, காட்டுப்பள்ளியிலே, தூத்துக்குடியிலே. தமிழ்நாட்டுக் கரைநெடுகக் கப்பல் வருகிறது. கலத்திலே வந்த சரக்கைக் காவிரிப்பூம்பட்டினத்திலே புலிமுத்திரையிட்டு அனுப்பிய மரபு நம்முடையது. இன்று, ஒரு வால்வின் பெயர் என்னவென்று கேட்க மேலூர்க்காரன் மும்பைக்கு மனுப்போட வேண்டும்! காணொலியிலே வாதாடலாமே என்பார்கள். வாதாடலாம். வழக்கறிஞருக்கும் கட்டணத்துக்கும் பணம் தேவை. அதோடு மொழியும் தேவை.

மொழி என்றதும், "தொடங்கிவிட்டார்கள் ஐயா!" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி மத்திய சர்க்காரின் அறிவிப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாக வேண்டும். வெளியாகின்றன. வாரணாசியில் வால்வு வாங்குகிற வணிகன் தன் தாய்மொழியிலே சுங்க அறிவிப்பைப் படிக்கிறான். மேலூர்க்காரன்? அவனுக்கும் வரி அதே வரி, அபராதம் அதே அபராதம். எழுத்து மட்டும் வேறு. தண்டனை தமிழனுக்குப் புரியும்; சட்டம் புரியாது. எந்த ஊர் நீதி இது?

வரியைப் பற்றிச் சொன்னேன். கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்களுக்குக் கணக்கு என்றால் கசப்பு, ஆனால் இது இனிக்காவிட்டாலும் உறைக்கும். அதற்குமுன் ஒன்று: வரி, பொருளின் விலைமீது மட்டும் விழுவதில்லை. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைமீது விழும். தூக்கிவந்த கூலிக்கும் சேர்த்து வரி!

எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வையுங்கள். சலுகை எதுவும் இல்லை. அடிப்படைச் சுங்கம் நூற்றுக்கு ஏழரை என்று கொள்ளுங்கள். ரூபாய் 7,500. அந்த வரியின்மேல் நூற்றுக்குப் பத்து சமூகநலக் கூடுதல் வரி, 750. ஆக 1,08,250. இதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி., 19,485. மொத்த வரி 27,735. ஜி.எஸ்.டி. பதிவுள்ள பெரிய ஆலைக்காரன் அந்த 19,485ஐப் பின்னால் கழித்துக்கொள்வான். தொகுப்பு முறையில் வரி கட்டும் சின்னக் கடைக்காரனுக்கு அந்தக் கழிவு கிடையாது. அவன் முழுச்சுமையையும் முதுகிலே ஏற்றுக்கொள்கிறான்.

போகட்டும், நாட்டுக்குத்தானே போகிறது என்று ஆறுதல் கொள்ளலாம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 83ஆவது இனம்: சுங்கவரி மத்திய அரசுக்கு உரியது. வசூலித்ததில் பங்கு திரும்பவேண்டும் என்பதும் சட்டம். 2021 முதல் 2026 வரைக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்த கணக்குப்படி, பகிர்வுத் தொகுப்பில் நூற்றுக்கு 41 மாநிலங்களுக்கு. அந்த 41இல் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு 4.079. நம் ஒரு வால்வுப் பெட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 7,500இல் மாநிலங்கள் அனைத்துக்கும் 3,075. அதிலே தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 125 ரூபாய்! 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவிலே நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேர் தமிழ்நாட்டார். பங்கோ நாலு சொச்சம்.

125ஆவது வந்ததே என்று மகிழவேண்டுமா? அந்த 750 இருக்கிறதே, சமூகநலக் கூடுதல் வரி, 2018 வரவுசெலவுத் திட்டத்தில் பிறந்த பிள்ளை, அதிலே மாநிலத்துக்கு ஒரு செல்லாக் காசும் கிடையாது. கூடுதல் வரியும் தீர்வையும் பகிர்வுத் தொகுப்பிலே சேராது என்பது அரசியல் சட்டத்தின் 270, 271 பிரிவுகளின் ஏற்பாடு. பெயர் சமூகநலம். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துகிற மாநிலத்துக்கு அதில் பங்கில்லை.

இப்போது சொல்லுங்கள், எது செக் வால்வு? மேசைமீது கிடந்த இரும்பா?

போனது திரும்பாது என்று எண்ணிச் சோர்ந்துவிட வேண்டியதில்லை என்பதை மேலூர் மண்ணே காட்டியிருக்கிறது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை 2024 நவம்பரில் டில்லி அறிவித்தது. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஊர் ஊராக மக்கள் திரண்டு, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. அடைத்த மடல் அன்று திறந்தது. வால்வு விவகாரத்துக்கு நடைப்பயணம் போகச் சொல்லவில்லை நான்; சிரிப்பார்கள். சொன்னது, கதவைத் தட்டினால் கேட்கும் என்பதற்காக.

தரச் சோதனையைப் பற்றி ஒரு சொல். அரிசி ஆலையிலே, நூற்பாலையிலே, சாயப்பட்டறையிலே பாய்லர் அருகே நிற்கும் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இது. பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் குழாயிலே உள்ள செக் வால்வு சரியில்லையென்றால், கொதிக்கும் நீரும் நீராவியும் வந்த வழியே திரும்பும். அதனாலேதான், பாய்லரிலே பொருத்தும் வால்வுக்கு 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள்படி, மூன்று-சி என்னும் படிவத்திலே, சோதித்தவர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். உள்நாட்டில் செய்தாலும் வேண்டும், வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வேண்டும். வெள்ளைக்காரன் 1923இல் இயற்றிய பாய்லர் சட்டத்தை மாற்றி 2025இல் புதுச்சட்டம் வந்திருக்கிறது. சான்று தேவை என்பதன் காரணம் மாறவில்லை. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. அங்கேயே 6 தொழிலாளர்கள் மாண்டார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனை போனவர்களில் மேலும் பலர் மாண்டார்கள். வால்வு காரணம் என்று நான் சொல்லவில்லை. பாய்லர் பக்கத்திலே நிற்பவன் யார் என்பதை நினைவூட்டுகிறேன். அதிகாரியும் நிற்பதில்லை, முதலாளியும் நிற்பதில்லை. ஆகவே முதலாளி, "சான்று எதற்கு, மலிவாகக் கிடைக்கிறது, பழசானாலும் பளபளக்கிறது" என்று சொன்னால், தோழர்களே, அப்போது நீங்கள் சட்டத்தின் பக்கம் நில்லுங்கள். புதுப்பித்த பழைய உதிரி உறுப்பைக் கொண்டுவருவதானாலும், புதியதன் ஆயுளில் நூற்றுக்கு 80 மிச்சமிருக்கிறது என்று பட்டயப் பொறியாளர் எழுதித் தரவேண்டும் என்றுதான் வாணிபக் கொள்கை சொல்கிறது. கேட்டுப் பாருங்கள் அந்தச் சான்றை. கேட்கும் உரிமை உங்கள் உயிருக்கு உண்டு.

இதையெல்லாம் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் வரியையே எடுத்துவிடச் சொல்லி எழுதுங்களேன்!" என்றார். மாட்டேன். கோவையிலே வார்ப்படச் சாலைகளிலே உருகிய இரும்பின் முன்னே வியர்வை சிந்துபவனும் நம் தோழன்தான். 1937இல் ஜி.டி. நாயுடு மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. இன்றைக்கு உழவனுக்கு வேண்டிய புட்வால்வு அங்கே வார்க்கப்படுகிறது; அதற்கு ஐ.எஸ். 10805 என்று தரநிர்ணயமே இருக்கிறது. திருச்சியை அடுத்த திருவெறும்பூரிலே, செக்கோஸ்லோவாக்கிய நாட்டு உதவியோடு எழும்பி 1965இல் ஓடத் தொடங்கிய பெல் ஆலை, மின்நிலையங்களுக்கான பெரிய பெரிய வால்வுகளைச் செய்கிறது. வரியை அடியோடு எடுத்தால் இந்த உலைகள் அணையும். வரிச் சலுகை கேட்டு வருகிற பொருள் உண்மையிலேயே அந்த நாட்டிலே செய்ததுதானா, மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு முத்திரை மட்டும் குத்தி வருகிறதா என்று தோண்டிக் கேட்க 2020 செப்டம்பர் 21 முதல் ஒரு விதி வந்ததே, அதையும் நான் வரவேற்கிறேன். கேட்கட்டும், தாராளமாக! திருட்டுச் சரக்கைத் தடுப்பது தொழிலாளிக்குத் துரோகம் ஆகாது.

என் வழக்கு வேறு. திருடனையும் திகைத்தவனையும் ஒரே தட்டிலே நிறுக்காதே என்கிறேன். லட்ச ரூபாய்ப் பெட்டிக்கும் கோடி ரூபாய்ப் பெட்டிக்கும் ஒரே தாமதக் கட்டணம் வைக்காதே என்கிறேன். எண்ணைப் பற்றி ஐயம் எழுந்தால், உத்தரவாதம் வாங்கிக்கொண்டு பொருளை விடுவித்து, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே 18ஆவது பிரிவிலே இடம் இருக்கிறது. தற்காலிக மதிப்பீடு என்று பெயர். இந்தப் பெட்டி விஷயத்திலே அந்தப் பிரிவை யாரும் நினைக்கவில்லை. அதிகாரி சொல்லவில்லை, முகவர் கேட்கவில்லை, முதலாளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்பது நாள் மூன்று நாளாகி இருக்கலாம். சென்னையிலே முன்கூட்டிய தீர்ப்புக்கு ஓர் இருக்கை, தமிழிலே ஒரு கைப்புத்தகம், கப்பலூரிலும் கே. புதூரிலும் உள்ள தொழிற்பேட்டைகளிலே வாரத்துக்கு ஒரு நாள் சுங்கம் தெரிந்த ஒருவர் உட்கார ஒரு நாற்காலி. இதைக் கேட்பது பிரிவினை ஆகிவிடாதே!

கைப்புத்தகத்துக்கு டில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. 8481 என்ற ஒரு தலைப்பை மட்டும் நாமே தமிழிலே எழுதிப் பார்ப்போம் என்று நானும், சட்டம் படித்த இளைஞர் ஒருவரும் உட்கார்ந்தோம். முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். செக் வால்வுக்குத் தமிழ் என்ன? அகராதியிலே ஒரு சொல், பாடநூலிலே ஒரு சொல். இரண்டையும் எந்தப் பட்டறையிலும் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. கல் பட்டறைத் தோழர் 'என்.ஆர்.வி.' என்கிறார், பாய்லர்க்காரர் 'பீட் செக்' என்கிறார், கிணற்றுக்காரர் 'புட்வால்வு' என்கிறார். தகட்டு வால்வுக்கு எங்கள் இருவருக்குமே பெயர் தெரியவில்லை.

ஆகவே, பட்டறைகளிலும் ஆலைகளிலும் உள்ள தோழர்கள், தாங்கள் தொடுகிற ஒவ்வொரு வால்வையும் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள், அது எந்த இயந்திரத்திலே எங்கே உட்காருகிறது என்பதை ஒரு அஞ்சலட்டையிலே எழுதி இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழைபற்றிக் கவலை வேண்டாம். கல் பட்டறைத் தோழர் தன் பட்டியலை நேற்றே கொடுத்துவிட்டார். பதினோரு பெயர்கள் இருக்கின்றன.